பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் எழுதும் மொய்

ஒரு கல்யாணம். ஆயிரம் பேர் வாசலில் வரிசையாக நின்று மொய் எழுதுகிறார்கள். எழுதி முடித்த பிறகு, உள்ளே மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு யார் யார் பந்தியில் உட்காரலாம் என்று முடிவு செய்கிறார்கள். எண்பது பேருக்கு இலை போடுகிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போகிறது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த கல்யாணத்துக்கும் அவசியம் வாருங்கள்." மொய்ப்பணம் திரும்பக் கிடையாது.

நம் ஊரில் இப்படி ஒரு கல்யாணம் நடந்தால் பந்தல் மிஞ்சாது. ஆனால் மேல்நாட்டுக் கலை உலகத்தில் இது வருடம் முழுக்க நடக்கிறது. அதற்கு ஜூரி கண்காட்சி என்று பெயர். ஓர் அமைப்பு "படைப்புகளை அனுப்புங்கள்" என்று அழைப்பு விடும். அனுப்புகிறவர் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும். நடுவர்கள் பார்த்துச் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானால் சுவரில் இடம், கையேட்டில் ஒரு பக்கம். தேர்வாகாவிட்டால் மேலே சொன்ன கடிதம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வரவு செலவு எந்தத் துறையில் இருந்தாலும் மூக்கை நுழைக்கும் வியாதி, அவ்வளவுதான். அதிலும் நான் பேசப்போவது ஓவியர்களைப் பற்றி அல்ல. துணி, நூல், கம்பளி, கயிறு இவற்றில் வேலை செய்யும் இழைக்கலைஞர்களைப் பற்றி. ஏனென்றால் இந்தக் கட்டணக் கணக்கு ஓவியரை ஓரளவு கடிக்கிறது என்றால், தறியில் உட்கார்ந்திருப்பவரை முழுசாக விழுங்குகிறது.

முதலில், இவர்களுக்கு ஏன் தனிக் கண்காட்சி என்ற கேள்வி. லண்டனில் 1768-ல் ராயல் அகாடமி தொடங்கப்பட்டது. தொடங்கிய சில வருடங்களிலேயே அவர்கள் போட்ட விதிகளில் ஒன்று: ஊசி வேலை, காகிதத்தில் வெட்டிய உருவங்கள், செயற்கைப் பூ, சிப்பி வேலை போன்றவை எங்கள் கண்காட்சிக்குள் வரக்கூடாது. யார் வீட்டில் யார் செய்த வேலைகள் இவை என்று யோசித்தால், கதவு யாருக்குச் சாத்தப்பட்டது என்பது புரியும்.

அந்தக் காலத்தில் மேரி லின்வுட் என்று ஒரு பெண்மணி இருந்தார். பெரிய ஓவியங்களைக் கம்பளி நூலால் அப்படியே தைத்து எடுப்பார். அகாடமி வாசல் அவர் வேலைக்கு மூடியிருந்தது. அவர் என்ன செய்தார்? 1809-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் தானே ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் டிக்கெட் வசூலித்தார். 1845-ல் அவர் இறக்கும் காலம் வரை அது நடந்தது. வணிகவியல் மாணவனாக எனக்கு இந்த அம்மாளை ரொம்பப் பிடித்துவிட்டது. படைத்தவரிடம் பணம் வாங்கவில்லை பாருங்கள், பார்க்கிறவரிடம் வாங்கினார். (அவர் இறந்த பிறகு அந்தப் படைப்புகள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. அது தனி சோகம்.)

இன்னொரு வாசல் திறந்த கதை அமெரிக்காவில். ஓஹியோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே க்வில்ட் தைக்கும் சிலர் இருந்தார்கள், அவர்களில் நான்ஸி க்ரோ பெயர் இன்றைக்கும் பிரபலம். க்வில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்து, அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை. ஆனால் இவர்கள் தைத்தது போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்ட. பாரம்பரிய க்வில்ட் போட்டிக்குக் கொண்டுபோனால், "இது எந்தப் பழைய டிசைன்? தையல் எண்ணிக்கை சரியா?" என்று பார்ப்பார்கள். ஓவியக் கூடத்துக்குக் கொண்டுபோனால், "போர்வைக்கு இங்கே இடமில்லை" என்பார்கள். இரண்டு கூட்டத்திலும் சேராத இவர்கள் 1979-ல் தாங்களே ஒரு கண்காட்சி தொடங்கினார்கள். இடம் எது தெரியுமா? இடிக்கவிருந்து காப்பாற்றப்பட்ட ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. டெய்ரி பார்ன் என்று அதற்குப் பெயரே அதுதான். கண்காட்சியின் பெயர் க்வில்ட் நேஷனல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இன்று அந்தத் துறையில் அதில் தேர்வாவது என்றால் பெரிய கௌரவம்.

ஆகவே ஜூரியே வேண்டாம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. ஜூரி இல்லாத உலகத்தில் இந்தக் க்வில்ட்கள் பெட்டிக்குள்தான் இருந்திருக்கும். பெயரை மறைத்து, படத்தை மட்டும் திரையில் போட்டுப் பார்க்கும் நடுவர்களிடம், யாருக்கும் தெரியாத ஊரில் இருக்கும் யாருக்கும் தெரியாத ஒருவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. சிபாரிசு இல்லாதவருக்கு இது சின்ன விஷயமா?

என் தகராறு பணத்தோடு.

ஒரு கற்பனைக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 40 டாலர் (பல இடங்களில் முப்பதிலிருந்து ஐம்பது அறுபது வரை இருக்கும்). 600 பேர் விண்ணப்பிக்கிறார்கள். வசூல் 24,000 டாலர். தேர்வாவது 60 பேர். அந்த 60 பேரும் கட்டியது 2,400 டாலர்தான். மீதி 21,600 டாலரைக் கட்டியவர்கள் யாருடைய படைப்பும் அந்தச் சுவரில் இல்லை. நடுவருக்குச் சம்பளம், அவருடைய விமான டிக்கெட், காப்பீடு, கையேடு அச்சடித்த செலவு, திறப்பு விழா அன்று கொடுத்த வைன், பாலாடைக்கட்டி எல்லாம் பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டவர்கள் காசு. கணக்கு ரொம்ப எளிது: பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சியில், கட்டண வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தோற்றவர்களுடையது. கண்காட்சி எவ்வளவு கௌரவமானதோ அவ்வளவு அதிகமாகத் தோற்றவர்கள் சுமக்கிறார்கள்!

"அரசு வேலைத் தேர்வுக்கும் நாம் இப்படித்தானே கட்டுகிறோம்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கட்டுகிறோம்தான். ஆனால் தேர்வு எழுத வருகிறவனுக்கு ஒரு மேசை, ஒரு வினாத்தாள், ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. எத்தனை காலியிடம் என்று முன்கூட்டியே அறிவிப்பில் போடுகிறார்கள். பல தேர்வுகளில் கட் ஆஃப் வெளியாகிறது. தோற்றவனுக்கு, எவ்வளவில் தோற்றோம் என்றாவது தெரியும். இங்கே பல கண்காட்சிகளில் எத்தனை பேர் போட்டி போட்டார்கள் என்பதே தெரியாது.

இப்போது நெசவாளர் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணமே.

டேபஸ்ட்ரி என்கிற சித்திர நெசவு எவ்வளவு மெதுவான வேலை என்று நமக்கு எளிதில் புரியாது. பாவு நூல் மேல் ஊடையை விரலால் வண்ணம் வண்ணமாகக் கோத்து, அடித்து இறுக்கி, வரி வரியாக ஏற வேண்டும். பாரிஸில் கோப்லான் என்று பல நூற்றாண்டு பழைய பட்டறை இருக்கிறது. அங்கே தேர்ந்த நெசவாளர் ஒருவர் ஒரு வருடத்தில் முடிப்பது சுமார் ஒரு சதுர மீட்டர் என்று சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு மேசை விரிப்பு அளவு! தனியாக வீட்டில் நெய்கிறவர், நடுவே வேறு வேலை பார்த்துப் பிழைக்கிறவர், கொஞ்சம் பெரிய படைப்பு என்றால் ஒன்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

இந்த மனிதரிடம் வழக்கமான அழைப்பு என்ன கேட்கிறது பாருங்கள். "ஒரே கட்டணத்தில் மூன்று படைப்புகள் வரை அனுப்பலாம்." ஓவியருக்கு இது தள்ளுபடி. நெசவாளரிடம் இருப்பதே ஒன்று. மூன்று சீட்டு எடுத்தவனும் ஒரு சீட்டு எடுத்தவனும் கொடுப்பது ஒரே விலை.

அடுத்த நிபந்தனை: "கடந்த இரண்டு அல்லது மூன்று வருடங்களுக்குள் முடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்." புதுச் சரக்கு வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் பெரிய கண்காட்சிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கின்றன. ஒன்றில் தோற்று அடுத்ததற்குக் காத்திருந்தால் படைப்பு காலாவதி. மருந்துக் கடையில்கூட எக்ஸ்பயரி இதைவிடத் தாராளம். ஒரு வருட உழைப்புக்கு மொத்தம் இரண்டு மூன்று வாய்ப்பு, ஒவ்வொன்றும் காசு கட்டி.

மூன்றாவது, புகைப்படம். முதல் சுற்றில் நடுவர்கள் நிஜத் துணியைப் பார்ப்பதில்லை. முன்பு ஸ்லைடு, இப்போது கணினிப் படம். முழுப் படம் ஒன்று, நெருக்கத்தில் எடுத்தது ஒன்று, முடிந்தது கதை. ஓவியமும் புகைப்படத்தில் கொஞ்சம் இழக்கும். ஆனால் துணி இழப்பதற்கு அளவே இல்லை. பக்கத்தில் போனால் தெரியும் மேடு பள்ளம், வெளிச்சம் பட்டால் மாறும் பட்டின் நிறம், தொங்கும்போது விழும் மடிப்பு... கறுப்பு மேல் கறுப்பாக நெய்தவர் கதி அதோகதி. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தொழில்முறை புகைப்படக்காரரை அமர்த்துகிறார்கள். அது இன்னொரு செலவு, விண்ணப்பக் கட்டணத்தைவிடப் பெரிது. நடுவர் தேர்ந்தெடுப்பது நல்ல நெசவையா, நல்ல விளக்கு அமைப்பையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

இதற்கு நம்ம ஊர் வியாபாரத்திலேயே பதில் இருக்கிறது. கரூரில் திரைச்சீலையும் மேசைவிரிப்பும் ஏற்றுமதி செய்கிறவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வெறும் படத்தை அனுப்பி ஆர்டர் வாங்கிவிட முடியாது. கையகலத் துணி மாதிரி வெட்டி அனுப்புவார்கள். அவர் தொட்டுப் பார்த்து, கசக்கிப் பார்த்து, பிறகுதான் சரி என்பார். நூல் வியாபாரி துணியைத் தொடாமல் விலை பேச மாட்டார், துணிக்கலை நடுவர் தொடாமலே தீர்ப்புச் சொல்கிறார். அரையிறுதிக்கு வந்த நூறு பேரிடம் மட்டும், அதே நூலில் அதே முறையில் ஒரு கைக்குட்டை அளவு மாதிரி தபாலில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அளவு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழைப்பில் இருக்கும் ஒரு வரி கலையையே மாற்றும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஸ்விட்சர்லாந்தின் லோஸான் நகரில் 1962-ல் சர்வதேச டேபஸ்ட்ரி பியென்னாலே தொடங்கியது. 1995 வரை நடந்து நின்றுபோனது. முதல் தடவை வைத்த நிபந்தனை, படைப்பு குறைந்தது 12 சதுர மீட்டர் இருக்க வேண்டும். பெரிய பட்டறையின் ஆதரவு உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்ட விதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போலந்திலிருந்து மக்தலேனா அபகனோவிச் என்ற இளம் பெண் இதற்காக நெய்தார். சொந்தமாக இடம் கிடையாது. வார்சாவில் மூத்த நெசவுக் கலைஞர் ஒருவரின் அடித்தளப் பட்டறையில் நெய்த வெள்ளை வடிவங்களின் தொகுப்பு அது. பிற்பாடு சுவரை விட்டு இறங்கி, மேலிருந்து தொங்கும் மாபெரும் நெய்த உருவங்களைச் செய்து உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். பெரிதாக யோசிக்க வைத்ததில் அந்த விதிக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் இரவல் பட்டறைகூடக் கிடைக்காமல் அந்த அழைப்பைப் படித்து மடித்து வைத்த எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வரலாற்றில் அவர்களுக்குப் பக்கம் கிடையாது.

எதிர்த்திசையிலும் போயிருக்கிறார்கள். 1970-களில் லண்டனிலும் ஹங்கேரியிலும் குட்டித் துணிக்கலைக் கண்காட்சிகள் தொடங்கின. 20 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இத்தாலியின் கோமோ நகரில் 1991 முதல் நடக்கும் மினியார்டெக்ஸ்டிலிலும் இதே மாதிரி 20 சென்டிமீட்டர் கணக்கு. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. அழகியல் காரணம் எனக்குத் தெரியாது ஐயா, தபால் செலவுதான் காரணம் :-). ஒரு காலணிப் பெட்டியில் வைத்து எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம்.

அமெரிக்க டேபஸ்ட்ரி அலையன்ஸ் என்று 1982-ல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் நடுவர் குழு வைத்து ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள், அதோடு நடுவரே இல்லாத சிறு அளவுக் கண்காட்சியும் நடத்துகிறார்கள். பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம், கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் மாட்டிவிடுவார்கள். மொய் எழுதிய எல்லோருக்கும் இலை! தரம் இருக்குமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆனால் கட்டிய காசுக்கு என்ன கிடைக்கும் என்பதில் ஒளிவு மறைவு இல்லை.

சரி, கட்டணத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாமா? எடுத்தால் விண்ணப்பம் மலைபோலக் குவியும், நடுவர் ஒன்றுக்குப் பத்து வினாடிகூடக் கொடுக்க மாட்டார் என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் கட்டணம் என்கிற சல்லடை திறமையைச் சலிப்பதில்லை, பாக்கெட்டைச் சலிக்கிறது. 45 டாலர் என்பது அங்கே ஒரு குடும்பத்தின் ஒருவேளை ஓட்டல் சாப்பாடு. இங்கே கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய். சில கண்காட்சிகள் புகழ்பெற்றவர்களைத் தனியாக அழைத்து மாட்டுவதும் உண்டு. அவர்களுக்குக் கட்டணம் இல்லை. தெரிந்தவருக்கு அழைப்பிதழ், தெரியாதவருக்கு சலான்.

தேர்வானவர்களிடம் மட்டும் வாங்கலாமே? முதலில் எனக்கும் இதுதான் சரி என்று பட்டது. யோசித்தால் அது இன்னும் ஆபத்து. அப்போது எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அத்தனை வருமானம். நடத்துபவர் நடுவரின் காதைக் கடிப்பார்: "இன்னும் இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளுங்களேன்." கடைசியில் காசு கொடுத்தால் மாட்டும் கூடமாகிவிடும். எல்லோரிடமும் வாங்கும் முறையில் ஒரு நல்லது இருக்கிறது: யாரைத் தேர்ந்தெடுத்தாலும் வருமானம் மாறாது, ஆகவே நடுவர் சுதந்திரமாக இருக்கலாம். ஆனால் சபலம் வேறு இடத்துக்கு இடம்பெயர்கிறது. எவ்வளவு பேர் தோற்றாலும் லாபம்தானே, ஆகவே விண்ணப்பத்தைப் பெருக்கு! "எந்த ஊடகமும், எந்தக் கருப்பொருளும், எந்த அளவும் வரவேற்கப்படுகிறது" என்று வாசலை அகலத் திறந்து வைக்கும் அழைப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். க்வில்ட் நேஷனல் விதியைப் பாருங்கள்: குறைந்தது இரண்டு அடுக்கு இருக்க வேண்டும், எல்லா அடுக்கையும் ஊடுருவும் தையலோ அதுபோன்ற பிணைப்போ இருக்க வேண்டும், சொந்த வடிவமாக இருக்க வேண்டும். படித்த உடனே பாதிப் பேர் "இது நமக்கில்லை" என்று விலகிவிடலாம். அவர்கள் காசு மிச்சம். அங்கே சில பதிப்புகளில் ஆயிரத்துக்கும் மேல் வந்து எண்பது சொச்சம் தேர்வாவது உண்டு. கடினம்தான், ஆனால் எதற்குள் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்கலாம்.

என் கட்சி இவ்வளவுதான். கட்டணத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் சுற்றுக்குப் பெயரளவில் ஒரு தொகை, படம் பார்ப்பதற்கு. அரையிறுதிக்கு வந்தவர்களிடம் மீதி. அப்போது சுமை கொஞ்சமாவது, கிட்ட வந்தவர்கள் பக்கம் நகரும். ஒரே ஒரு படைப்பு அனுப்புகிறவருக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒன்று வாங்குங்கள். பார்க்க வருகிறவர்களிடமும் கொஞ்சம் வாங்குங்கள், லின்வுட் அம்மாள் இருநூறு வருடத்துக்கு முன்பே காட்டிய வழி அது. அப்புறம் கணக்கை வெளியிடுங்கள். மகா பெரிய ஆண்டறிக்கை கேட்கவில்லை. நிராகரிப்புக் கடிதத்தின் கீழே மூன்று வரி: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், வசூல் எதற்குச் செலவானது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு ஐம்பது ரூபாய் நன்கொடை கொடுத்தால்கூட மறுவாரம் வரவு செலவு நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். மைக் செட் எவ்வளவு, சுண்டல் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். 24,000 டாலர் வசூலிப்பவர்களால் முடியாதா?

பி.கு.: இந்தியாவிலிருந்து யாராவது அனுப்பித் தேர்வாகிவிட்டால் சுங்கத்துக்கு என்ன செய்வது என்று ஒரு சந்தேகம் வந்தது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு வரி இல்லாமல் அனுமதிக்கும் ஏடிஏ கார்னே என்று ஓர் ஆவணம் இருக்கிறது, இங்கே ஃபிக்கி கொடுக்கிறது. அதன் ஆயுள் ஒரு வருடம். க்வில்ட் நேஷனல் படைப்புகளோ முதல் காட்சி முடிந்ததும் பல ஊர்களுக்குச் சுற்றுப்பயணம் போகின்றன, திரும்பி வர இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை அந்த ஒரே ஒரு படைப்பை வேறு எங்கும் அனுப்ப முடியாது. நமக்குச் சொல்லிக்கொடுத்த நடைமுறை மூலதனம் பாடத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். (அமெரிக்க டேபஸ்ட்ரி அலையன்ஸின் சுருக்கமும் ஏடிஏதான். கார்னே தேடப்போய் அரை மணி நேரம் தறி படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)